மதகுக்கும் கலங்கலுக்கும் நடுவே உள்ள கோரையை விட்டுவையுங்கள்

ஏரிச் சீரமைப்புப் பணியில் இருக்கும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

எங்கள் ஏரியில் வேலை தொடங்கப் போகிறது என்று கேட்டதும் மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆகாயத்தாமரையை அள்ளுங்கள், சாக்கடை வந்து சேரும் வாய்க்காலை அடைத்துவிடுங்கள், தூர் வாருங்கள். மூன்றையும் முழு மனதோடு வரவேற்கிறேன். கரையைச் சுற்றிக் கல் பதித்துப் பேவர் பிளாக் போடும் வேலையைப் பற்றித்தான் இந்த மடல். மதகிலிருந்து, உபரி நீர் வழிந்தோடும் கலங்கல் வரைக்கும் உள்ள கரையை மட்டும் இப்போது இருக்கிறபடியே விட்டுவிடுங்கள். அங்கேதான் கோரையும் சம்பும் அடர்ந்து கிடக்கின்றன. ஏரியின் தட்டான்களில் பெரும்பாலானவை இருப்பதும் அங்கேதான்.

வரைபடத்தை முடிவு செய்வதற்கு முன் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு அங்கே வாருங்கள். விடியலில் வர வேண்டாம், வெயில் ஏறினால்தான் தட்டான்கள் நன்றாகப் பறக்கும். உட்கார்ந்திருக்கும் ஒன்றின் சிறகை முதலில் பாருங்கள். இரு பக்கமும் விரித்து வைத்திருந்தால் தட்டான். முதுகின் மேல் சேர்த்து வைத்து, உடல் ஈர்க்குச்சி போல மெலிந்து, கண்கள் இரண்டும் விலகி இருந்தால் அது பெரும்பாலும் ஊசித்தட்டான். அப்புறம் நிறத்துக்கு வரலாம். ஆனால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. பல வகைகளில் ஆணுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு வேறு நிறம். ரத்தச் சிவப்பில் இருக்கும் ஆணும் வெளிர் மஞ்சளில் இருக்கும் பெண்ணும் ஒரே வகை என்று எனக்குத் தெரிவதற்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. உட்காரும் விதம், சிறகில் உள்ள திட்டு, வயிற்றின் வடிவம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கோரை நுனியில் அசையாமல் இருப்பது, பச்சையும் கறுப்பும் கலந்து, இடுப்பு சிறுத்திருக்கும் ஆர்தெட்ரம் சபினா என்ற தட்டான். மற்றத் தட்டான்களையே பிடித்துத் தின்னும். மஞ்சளும் கருப்பும் கலந்த அகன்ற சிறகோடு மெல்ல மிதந்து வருவதைப் பலரும் பட்டாம்பூச்சி என்றே நினைப்பார்கள், அதுவும் தட்டான்தான். சுட்டெரிக்கும் நண்பகலில் சில தட்டான்கள் வாலைச் செங்குத்தாகச் சூரியனை நோக்கித் தூக்கி நிற்கும். உடலில் வெயில் குறைவாகப் படுவதற்காகச் செய்யும் வேலை அது. முதன்முதலில் பார்த்தபோது நெடுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

மழைக்கு முன் தெருவில் கூட்டம் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தட்டானை எல்லாருக்கும் தெரியும். பன்டாலா ஃபிளேவசென்ஸ் என்பது அதன் அறிவியல் பெயர். மாலத்தீவில் வாழ்ந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர், நன்னீர் நிலைகள் அரிதான அந்தத் தீவுகளுக்கு அக்டோபர் தோறும் இவை வந்து சேர்வதைக் கவனித்தார். இந்தியாவிலிருந்து கடல் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று 2009இல் எழுதினார். விரல் நீளம்கூட இல்லாத பூச்சி!

கல் பதித்த பிறகும் எல்லாத் தட்டானும் போய்விடாது. சாம்பல் நிறத்தில் சுவரோடு சுவராக ஒட்டியிருக்கும் ஒரு வகை சிமெண்டுத் தொட்டியிலேயே வளரும். எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரிலும் இருக்கிறது. சாக்கடை கலந்த நீரிலும் தாக்குப்பிடிக்கும் ஆரஞ்சு நிறத் தட்டானும் இருக்கும். ஆனால் ஊசித்தட்டான் செடியின் தண்டைக் கீறி அதற்குள்தான் முட்டையிடும். செடி இல்லையென்றால் முட்டையிட இடமே இல்லை. தட்டான்களின் இளம்புழுக்களும் நீருக்குள் கொசுப்புழுக்களைத் தின்று வளர்ந்து, ஒரு நாள் இரவிலோ அதிகாலையிலோ தண்டைப் பற்றி மேலேறித் தோலை உரிக்கும். சிறகு விறைக்கும் வரை பறக்க முடியாது, அங்கேயே தொங்கிக் கிடக்கும். கோரைத் தாள்களில் ஒட்டியிருக்கும் காய்ந்த சட்டைகளைக் கையில் எடுத்தே காட்டுகிறேன்.

பக்கத்து ஊரில் முழுக்கக் கல் பதித்த ஏரி ஒன்று உண்டு. போன புரட்டாசியில் அங்கே ஒரு மணி நேரம் நடந்தேன். ஊசித்தட்டான் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நடைபாதை அழகாகத்தான் இருந்தது, அதைக் குறை சொல்லவில்லை. எங்கள் ஏரிக்கும் நடைபாதை வேண்டும். அந்தப் பகுதியில் மட்டும் அதைக் கரையின் வெளிப்புறம் தள்ளிப் போட முடியுமா என்று பாருங்கள். கல் செலவும் மிச்சமாகும்.

அள்ளும்போது பொக்லைனை அந்தப் பக்கம் இறக்க வேண்டாம் என்று ஓட்டுநர்களிடமும் சொல்லிவையுங்கள். எந்த ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் கலங்கல் அருகே இருப்பேன். தொப்பி மட்டும் கொண்டுவாருங்கள், அங்கே நிழல் கிடையாது.

இப்படிக்கு,
ஏரிக்கரைத் தெருவாசி ஒருவன்