பாட்டு கேட்கவில்லை, மண்டபம்தான் கேட்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக் கொண்டாட்டம், இளைஞர் விழா, பள்ளிக்கு நிதி திரட்டும் இரவு என்று மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களிலும் ராக் குழுக்கள் மேடையேறுகின்றன. பிடித்த குழுவை நேரில் பார்க்க தோட்டத்து லயத்திலிருந்தும் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் பிள்ளைகள் ஆசையாக வருகிறார்கள். வெளியே வரும்போது ரசிகரும் சொல்வது, துணைக்கு வந்த பெரியவரும் சொல்வது ஒன்றுதான்: "ஒரே இரைச்சல், ஒரு வார்த்தை புரியல." ராக் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. அந்த இரைச்சலில் பெரும்பங்கு குழுவினுடையது அல்ல, மண்டபத்தினுடையது. அதில் பாதியைக் காசு செலவில்லாமலே குறைக்கலாம்.

நம் பொது மண்டபங்கள் எப்படிக் கட்டப்பட்டவை என்று பாருங்கள். தரையில் சிமெண்டு அல்லது டைல், சுவரில் வழவழப்பான பூச்சு, மேலே தகரக் கூரை. பூப்பந்து ஆடுவதற்கும் கல்யாண விருந்துக்கும் கழுவித் துடைக்க வசதி. ஒலிக்கு இதைவிடக் கெட்ட இடம் கிடையாது. 30 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம், 7 மீட்டர் உயரம் உள்ள மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 3,780 கன மீட்டர். இதை 0.161 ஆல் பெருக்கி, மண்டபம் ஒலியை உறிஞ்சும் அளவால் வகுத்தால், எழுந்த ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகும் என்று தெரியும். அமெரிக்க இயற்பியலாளர் சேபின் வகுத்த பழைய கணக்கு இது. ஆளில்லாத நேரத்தில் இப்படியொரு மண்டபம் உறிஞ்சும் அளவு, ஒலியை முழுதாக விழுங்கும் 140 சதுர மீட்டர் பரப்புக்குச் சமம் என்று வைத்தால், விடை 4 விநாடிக்கும் கொஞ்சம் மேலே வரும். நிமிடத்துக்கு 120 தாள அடி போகும் ஒரு பாட்டில் அரை விநாடிக்கு ஓர் அடி விழுகிறது. அதாவது முதல் அடியின் சத்தம் அடங்குவதற்குள் இன்னும் எட்டு அடிகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். இதில் பாட்டின் சொல் எங்கே கேட்கும்? ராக் இசைக்கு ஏறக்குறைய 1 விநாடிதான் பொருத்தம்.

நல்ல செய்தியும் உண்டு. மனித உடல் ஒலியை நன்றாக உறிஞ்சும். 400 பேர் வந்து நின்றால் அதே மண்டபத்தில் 4 விநாடி ஏறத்தாழ 2 ஆகக் குறையும். ஆனால் உடலும் உடையும் உறிஞ்சுவது பெரும்பாலும் நடு ஒலியையும் மேல் ஒலியையும்தான். கீழ் ஒலி, அதாவது பேஸ், அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால்தான் கூட்டம் சேர்ந்த பிறகு பாட்டு "தும் தும்" என்று மந்தமாகிறது. மாலை நான்கு மணிக்கு வெறும் மண்டபத்தில் சரிபார்த்த அளவுகளை இரவில் தொடாமல் விட்டால் இதுதான் நடக்கும். முதல் இரண்டு பாட்டுக்குள் பேஸைக் குறைத்து, குரலில் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு எத்தனை அதிர்வு என்ற அளவு) வரையுள்ள பகுதியைச் சற்றே தூக்க வேண்டும். மெய்யெழுத்துகள் அங்கேதான் தெளிகின்றன.

மேடைக்கு எதிரே உள்ள பின்சுவர் தனிப் பிரச்சினை. நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 348 மீட்டர் போகும். 30 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் மோதி மேடைக்குத் திரும்ப 170 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது. டிரம்ஸ் வாசிப்பவர் தான் அடித்த அடியையே தாமதமாக இன்னொரு முறை கேட்கிறார். தாளம் இழுபடுகிறது, பழி அவர்மேல் விழுகிறது. அந்தச் சுவரில் தடித்த திரைச்சீலையை மடிப்பு மடிப்பாக, சுவரை ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் அந்த எதிரொலி பெருமளவு அடங்கும். கல்யாண அலங்காரம் செய்பவர்களிடம் இந்தத் துணி இருக்கும். ஜிகினா ஒட்டிய மெல்லிய துணி எதற்கும் உதவாது.

பக்கக் கதவுகளைத் திறந்து வைப்பதும் உறிஞ்சல்தான். வெளியே போன ஒலி திரும்பி வருவதில்லை. அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போகும் என்பதால் எந்தப் பக்கத்துக் கதவு என்று பார்த்துத் திறக்க வேண்டும்.

அடுத்தது ஸ்பீக்கர். வாடகைக்கு வரும் இரண்டு பெரிய பெட்டிகளை மேடைமேலேயே, பாடகருக்குப் பின்னால் ஏற்றி வைத்துவிடுவது நம் வழக்கம். ஸ்பீக்கரிலிருந்து வரும் குரல் நேரே மைக்கில் மீண்டும் நுழையும், மைக் ஊளையிடும், ஊளைக்குப் பயந்து குரலைக் குறைப்பார்கள், பிறகு கிட்டார் மட்டும் கேட்கும். பெட்டிகள் எல்லா மைக்குகளுக்கும் முன்னால் இருக்க வேண்டும். பெட்டியில் "மேல் ஒலி" வரும் வாய் நிற்பவர் தலைக்கு மேலே இருக்கும்படி தாங்கியில் உயர்த்தி, முகத்தைச் சற்றுக் கீழ்நோக்கிக் கூட்டத்தின் பக்கம் சாய்க்க வேண்டும். சுவரையோ கூரையையோ பார்த்து நிற்கும் பெட்டி எதிரொலிக்குத் தீனி போடுகிறது. பேஸுக்கென்றே உள்ள சப்வூஃபர் பெட்டிகளை இடம் ஒன்று வலம் ஒன்று எனப் பிரித்து வைத்தால் சில இடங்களில் பேஸ் குவியும், சில இடங்களில் காணாமல் போகும். மேடைக்கு முன்னால் நடுவில் ஒன்றாகச் சேர்த்து வைப்பதே மேல். அழகு கெடும் என்பார்கள், கெடட்டும்.

பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றால் முன்பெட்டியின் சத்தத்தை ஏற்றாதீர்கள். மண்டபத்தின் பாதியில், 15 மீட்டர் தூரத்தில், இரண்டு சிறிய பெட்டிகள் வையுங்கள். ஒலி 15 மீட்டர் வர 43 மில்லி விநாடி ஆகும். அதோடு 10 சேர்த்து அந்தப் பெட்டிகளுக்குத் தாமதம் கொடுத்தால் குரல் மேடையிலிருந்தே வருவதுபோல இருக்கும். டிஜிட்டல் மிக்சர்களில் (எல்லா மைக்குகளின் ஒலியையும் கலந்து சரிசெய்யும் கருவி) இது ஓர் எண்ணைத் திருத்தும் வேலை. தாமதம் கொடுக்காமல் வைத்தால் பின்வரிசையில் எல்லாச் சொல்லும் இரட்டையாகக் கேட்கும், வைக்காமலே இருந்திருக்கலாம்.

"சவுண்ட ஏத்துங்கண்ணே" என்று கூட்டத்திலிருந்து குரல் வந்தால் உடனே கை மிக்சருக்குப் போகிறது. வாட் கணக்கைக் கொஞ்சம் புரிந்துகொள்வது நல்லது. 1,000 வாட்டை 2,000 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான் (டெசிபல் என்பது சத்தத்தின் அளவு). காதுக்குச் சற்றே கூடியது போலத் தெரியும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். எதிரொலிக்கும் கூடத்தில் நேரொலியை ஏற்றினால் எதிரொலியும் அதே அளவு ஏறும். தெளிவு மட்டும் அதிகரிக்காது.

ராக் உலகமே இந்தப் பாடத்தைப் படித்துத்தான் வந்தது. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே அரங்கில் 55,000-க்கும் மேற்பட்டோர் முன் பீட்டில்ஸ் வாசித்தபோது அவர்களிடம் இருந்தவை 100 வாட் ஆம்ப்ளிஃபயர்கள். குரல் அரங்கத்தின் அறிவிப்பு ஒலிபெருக்கிகள் வழியாகப் போனது. வாசிப்பவர்களை நோக்கி வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் மேடையில் இல்லை. தாங்கள் வாசிப்பது தங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. அடுத்த பத்தாண்டில் நிலைமை எதிர்ப்பக்கம் சாய்ந்தது. 1976-இல் லண்டனின் சார்ல்டன் திடலில் தி ஹூ குழுவின் ஒலி, 32 மீட்டர் தூரத்தில் 126 டெசிபல் என்று கின்னஸில் பதிவானது. காதுகளுக்குக் கேடு என்பதால் அந்தப் பிரிவையே கின்னஸ் பின்னர் கைவிட்டது.

மேடைச் சத்தத்துக்கு வருவோம். சிறு மண்டபத்தில் நிகழ்ச்சியைக் கெடுப்பது பெரும்பாலும் கிட்டார் ஆம்ப்தான். வால்வு ஆம்ப் என்றால் 15 முதல் 30 வாட் தாராளமாகப் போதும். அதைத் தரையில் வைத்தால் வாசிப்பவரின் முழங்காலுக்குத்தான் ஒலி போகிறது. தனக்குக் கேட்கவில்லை என்று அவர் ஏற்றுகிறார், முன்வரிசையில் நிற்பவர் காது கிழிகிறது. ஆம்பை நாற்காலிமேல் ஏற்றி அவர் காதைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள், தானாகவே குறைப்பார். டிரம்ஸின் ஒவ்வொரு பாகத்துக்கும் மைக் வேண்டியதில்லை. கிக் டிரம்முக்கு ஒன்று போதும், மற்றவை இயல்பாகவே கேட்கும். திறந்திருக்கும் மைக்கின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஊளைக்கு முன் கிடைக்கும் இடம் 3 டெசிபல் குறைகிறது. பாடாத நேரத்தில் துணைக்குரல் மைக்குகளை மூடி வைக்க ஓர் ஆள் வேண்டும். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் பாணி காணொளியில் பார்க்க நன்றாக இருக்கும். அப்படிப் பொத்தினால் பின்பக்க ஒலியைத் தள்ளும் அதன் தன்மை போய்விடும், ஊளை நிச்சயம்.

சவுண்ட்செக்கில் டிரம்ஸிலிருந்து தொடங்கிக் கடைசியில் குரலுக்கு வருவது பெரிய அரங்கின் முறை. நம் மண்டபத்தில் அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும் என்பது எங்கள் கருத்து. முதலில் குரல். ஊளை தொடங்கும் அளவுவரை ஏற்றி, எந்த ஹெர்ட்ஸில் ஊளையிடுகிறதோ அதை 31 பட்டை ஈக்வலைசரில் (ஒலியை 31 பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவி) 3 டெசிபல் இறக்கி, பிறகு மொத்தத்தையும் சற்றுக் குறைத்து நிறுத்துங்கள். இதுதான் அன்றைய உச்சவரம்பு. கிட்டார், கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் இதற்குக் கீழே அடங்க வேண்டும். மிக்சரின் குரல், கிட்டார் வழிகளில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் மேடைப் பலகையின் அதிர்வுதான்.

மிக்சரை மேடையோரத் திரைமறைவில் வைத்தால் அங்கு உட்கார்ந்திருப்பவருக்குக் கூட்டம் கேட்பது கேட்காது. பின்சுவரை ஒட்டி வைத்தால் பேஸ் மிகையாகக் கேட்டு அவர் குறைத்துவிடுவார். கூடத்தின் நடுவே, மேடையிலிருந்து பாதி தூரத்தில் இருக்க வேண்டும். நான்கு நாற்காலி இடம் போகும், பிரமுகர் வரிசையில் குறைத்துக்கொள்ளலாம். அறிவிப்பாளருக்கும் உரையாற்றுபவருக்கும் தனி மைக், தனி வழி கொடுங்கள். குழுவின் மைக்கைப் பொன்னாடை போர்த்தும் சடங்குக்குக் கொடுத்தால் சரிசெய்து வைத்ததெல்லாம் கலையும்.

மின்சாரத்தில் விளையாட்டு வேண்டாம். 13 ஆம்பியர் சாக்கெட் ஒன்றில் ஏறத்தாழ 3,000 வாட்தான் எடுக்கலாம். அதிலேயே ஸ்பீக்கர், ஆம்ப், விளக்கு, காற்றாடி எல்லாம் மாட்டினால் கிளைமாக்ஸில் இருட்டுதான். ஒலிக்கருவிகள் அனைத்தும் ஒரே ஃபேஸில் (ஒரே மின்வழியில்), ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுக்கட்டும்; விளக்குகள் வேறு ஃபேஸில் போகட்டும். இல்லையேல் "ங்ஙும்" என்ற இரைச்சல் கூடவே வரும். அந்த இரைச்சலை நிறுத்த பிளக்கின் எர்த் கம்பியைக் கழற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கிட்டார் கம்பியைத் தொட்ட கையோடு பாடகர் மைக்கில் உதடு வைக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள், உயிர் போகும். சுருளில் சுற்றிய மின்வடத்தை முழுவதும் அவிழ்த்துத்தான் பயன்படுத்த வேண்டும், சுருட்டியபடியே இருந்தால் சூடேறி உருகும். திடலில் நடத்தினால் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் கட்டாயம்.

இனி ரசிகர்களுக்கு. நல்ல இடம் முன்வரிசை அல்ல. இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுக்கோட்டில், மிக்சருக்குச் சற்று முன்னால். மூலையில் பேஸ் குவியும், ஒதுங்குங்கள். முன்னால் நின்றுதான் ஆகவேண்டும் என்றால் பெட்டிக்கு நேரே மட்டும் நிற்காதீர்கள்.

காதுக்கும் கணக்கு உண்டு. நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டு வேலையிட இரைச்சல் விதிகள் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். பொழுதுபோக்கு அரங்குகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்ன உச்சவரம்பும் சராசரி 100 டெசிபலே. செம்பனை ஆலையில் வேலை செய்பவர்கள் வீட்டில் நுரைக் காதடைப்பான் இருக்கும், அதுவே இங்கும் உதவும். விரலால் மெல்லிய குச்சிபோல உருட்டி, மறுகையால் காதை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை 30 விநாடி பிடிக்க வேண்டும். நுனியில் மட்டும் செருகினால் பயனில்லை. நுரை மேல் ஒலியை அதிகம் தின்னும், பாட்டு மங்கலாகத் தெரியும். இசைக்கென்றே வடிகட்டி வைத்த காதடைப்பான்கள் எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும், விலை கூடுதல். சிறு பிள்ளைகளுக்கு இவை நிற்காது, தலையில் மாட்டும் காதுமூடி வாங்குங்கள்.

ஏற்பாட்டாளர்கள் மண்டபத்தை இரவு 7 மணிக்கு மட்டும் எடுத்தால் மேலே சொன்ன எதையும் செய்ய நேரமிருக்காது. பிற்பகல் 2 மணிக்கே சாவி கையில் வர வேண்டும். கூரையை மாற்ற நிதி ஒதுக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: புதுத் தகரத்துக்கு அடியில் ஒலியை உறிஞ்சும் 50 மில்லி மீட்டர் தடிப்புள்ள கனிமக் கம்பளியும் துளையிட்ட பலகையும் சேர்த்துக் கேளுங்கள். மழை பெய்யும்போது கூட்டம் நடத்தவும் அது உதவும்.

இப்படிக்கு,
மேடை இசை ரசிகர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்