சிலைக்காரர் சொன்ன கணக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். காய்ச்சலில் கிடந்த ஒன்பது நாளும் கூடப் படிக்கிற மூன்று பேரும் எட்டிப் பார்க்கவில்லை என்று அம்மாவிடம் அழுதாயாம். என்னிடம் சொல்லவில்லை. சரி, அதனால்தான் போனில் கேட்காமல் எழுதுகிறேன்.

ருமேனியாவில் நீ படிக்கிற கான்ஸ்டன்சாவில், அருங்காட்சியகத்துக்கு முன்னால் தலைகுனிந்து யோசித்தபடி ஒரு வெண்கலச் சிலை நிற்கிறதே, அவர்தான் பழைய ரோமானியக் கவிஞர் ஓவிட். 1887-இல் வைத்த சிலை. கி.பி. 8-இல் பேரரசர் அகஸ்டஸ் அவரை ரோமிலிருந்து அங்கே துரத்தினார். அப்போது ஊரின் பெயர் தோமிஸ். திரும்பிப் போகாமலே அங்கேயே இறந்தார். நான் செமினரியில் இருந்த இரண்டு வருடத்தில், லத்தீன் நடத்திய ஃபாதர் அவருடைய வரிகளை மனப்பாடம் செய்ய வைத்தார்: நீ நன்றாக இருக்கும்வரை நண்பர்களை எண்ணி மாளாது; வானம் இருண்டால் தனியாக நிற்பாய்.

அதற்கும் முந்தைய எனியுஸ் என்ற கவிஞரின் வரி ஒன்று உண்டு. 'அமிக்குஸ் செர்த்துஸ் இன் ரே இன்செர்த்தா செர்னித்துர்.' உறுதியான நண்பன் உறுதியில்லாத நேரத்தில்தான் தெரிவான் என்று அர்த்தம். செர், செர் என்று அது உருளும் அழகுக்காகவே வகுப்பில் கத்துவோம்.

ஆனால் பாப்பா, இந்த வரிகளெல்லாம் கைவிடப்பட்டவன் பக்கத்திலிருந்து வருபவை. வராமல் போனவன் பக்கத்துக் கதையை நான் சொல்கிறேன். என் சிநேகிதர் ஒருவரின் மளிகைக்கடை நொடித்துப்போனபோது ஐந்து மாதம் நான் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. என்ன பேசுவதென்று தெரியவில்லை. காசு கேட்டுவிடுவாரோ என்ற பயமும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கடைசியில் அவரே வீட்டுக்கு வந்து, "டீ குடிக்கப் போலாமா?" என்றார். இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஓவிட் புலம்பலோடு நிற்கவில்லை. அத்தனை பேரில் இரண்டு மூன்று பேர்தான் மிச்சம் என்று அவர்களுக்கும் எழுதினார். அரசரின் கோபம் அவர்கள்மேல் விழக்கூடாதென்று முதலில் பெயரைச் சொல்லாமலே எழுதினார். நீயும் அம்மாவிடம், எதிர் அறைப் பெண் தினமும் சூப் கொண்டுவந்தாள் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். அவள் பெயரைக்கூடச் சொல்லவில்லை. பெயரை மறைக்க ஓவிட்டுக்காவது ஒரு காரணம் இருந்தது.

அந்த மூன்று பேரையும் உடனே தள்ளிவிடாதே. பல மோதியுஸ் (ரோமானியர்களின் முகத்தல் அளவை) உப்பைச் சேர்ந்து தின்றால்தான் நட்பு முழுமையாகும் என்று ஒரு பழமொழி. கி.மு. 44-இல் ரோமானிய எழுத்தாளர் சிசரோ நட்பைப் பற்றி எழுதியபோதே அது பழைய பேச்சு. ஒரு மோதியுஸ் என்பது கிட்டத்தட்ட 9 லிட்டர். நீங்கள் சேர்ந்து சமைக்க ஆரம்பித்து எட்டு மாதம். ஒரு மோதியுஸ் உப்புகூடத் தீர்ந்திருக்காது.

அப்புறம், அம்மா எலுமிச்சை ஊறுகாய் போட்டிருக்கிறாள். எதிர் அறைப் பெண்ணுக்குக் காரம் தாங்குமா என்று கேட்டு எழுது. தாங்காதென்றால் அவளுக்கு மட்டும் உப்பு நெல்லிக்காய் தனியாகக் கட்டி அனுப்புகிறாளாம். பெயரையும் எழுது, டப்பாவின் மேல் ஒட்ட வேண்டும்.

அன்புடன்,
அப்பா