எடை குறையட்டும், தசை குறையக் கூடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

அறுபதைத் தாண்டியவர்கள் பலர் இப்போது மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுகிறார்கள். நல்ல விஷயம்தான். இது புதிதும் அல்ல. லண்டனைச் சேர்ந்த வில்லியம் பான்டிங் 1862இல், தமது 65ஆவது வயதில், சர்க்கரையையும் மாவுப் பண்டங்களையும் குறைத்து, ஓராண்டில் சுமார் 20 கிலோ இளைத்தார். அப்புறம் 81 வயது வரை வாழ்ந்தார்.

என் கவலை வேறு. முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்குவதைப் பார்த்துப் பூரித்துப் போகிறோம். அதில் பெரும்பகுதி தண்ணீர். உடல் மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கிறது; அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரைந்தால் நீரும் போய்விடும். பிறகு கொழுப்பு கரையும், சரி, கூடவே தசையும் கரைகிறதே! தொடைத் தசை மெலிந்தவர் நாற்காலிக் கைப்பிடியை அழுத்தி ஊன்றாமல் எழ முடியாது. ஆகவே உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தினமும் வேண்டும் (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது). நடைப்பயிற்சி மட்டும் போதாது. தசையை வலுவாக்கும் பயிற்சி வாரத்தில் 2 நாளாவது தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இன்சுலின் போடுபவர்கள் திடீரென மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரிடும். மருத்துவரிடம் மருந்தின் அளவை முன்கூட்டியே மாற்றிக்கொள்ள வேண்டும். எடைக் குறைப்பு பற்றி எழுதும்போதெல்லாம் இந்த எச்சரிக்கையையும் தயவுசெய்து சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மூத்த வாசகர்