தவணை நிறைவும் கண்காட்சிப் படங்களும்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இந்தத் தவணை நல்லபடியாக முடிகிறது. குறுக்கோட்டப் போட்டி மழைக்கு முன்பே நடந்து முடிந்தது. கதை சொல்லும் போட்டிக்கும் கவிதை ஒப்புவித்தலுக்கும் போன மாணவர்கள் பள்ளிக்குப் பெருமை சேர்த்தார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் பின்பக்கக் கால்வாயைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். சிற்றுண்டிச்சாலையில் மின்விசிறிகள் மாற்றியாயிற்று. எல்லாருக்கும் நன்றி.

அப்புறம், ஆறாம் ஆண்டு மாணவர்களின் 'படங்களில் உலக வரலாறு' கண்காட்சி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், மண்டபத்தின் ஒரு பக்கம் உலகம், மறுபக்கம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் நம் சுங்கை சிப்புட். உலகப் பக்கத்தில் அப்போலோ 8 விண்கலத்திலிருந்து 1968 டிசம்பர் 24-ஆம் தேதி பில் ஆண்டர்ஸ் எடுத்த பூமியின் படம் இருந்தது. சிங்கப்பூர் வீழ்ந்த 15 பிப்ரவரி 1942 அன்று, ஒருவர் வெள்ளைக் கொடியும் இன்னொருவர் பிரிட்டிஷ் கொடியும் தூக்கிவர, பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் பெர்சிவல் ஜப்பானியரிடம் சரணடையப் போகும் படமும் இருந்தது. அதன் முன்னால்தான் மாணவர்கள் அதிக நேரம் நின்றார்கள். "தோற்றவர் ஏன் தன் கொடியையும் எடுத்துக்கொண்டு போகிறார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். ஆசிரியர் உடனே பதில் சொல்லவில்லை, வகுப்பையே பேசவிட்டார். நான் பார்த்த நல்ல வரலாற்றுப் பாடங்களில் அது ஒன்று.

மறுபக்கத்தில்தான் சிக்கல் வந்தது. நம் ஊர்ப் பகுதியில் மாட்டியிருந்த மூன்று படங்களை வகுப்பாசிரியர் கழற்றி வைத்தார். மூன்றும் பழைய படங்கள் அல்ல. கைப்பேசிச் செயலியில் நாலு வரி எழுதிக் கொடுத்து, கணினி வரைந்து தந்த படங்கள். ஒன்றில் 'எல்ஃபில் தோட்டம், ஜூன் 1948' என்று எழுதியிருந்தது. ஓர் அம்மா ரப்பர் மரம் சீவிக்கொண்டிருக்கிறார், பின்னால் பனிமூட்டம், பார்க்க அழகாகத்தான் இருந்தது. கண்காட்சிக்கு வந்திருந்த ஒரு பாட்டி கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "இந்த மரத்துல வெட்டு இடமிருந்து வலமா இறங்கலையே, எதிர்ப்பக்கமா போகுது. பால் வடியுற மங்கும் மரத்துல ஒட்டாம அந்தரத்துல நிக்குது. இப்படிச் சீவினா கங்காணி சும்மா விட்டிருப்பாரா?" என்று கேட்டார். எங்கள் ஆசிரியர்கள் யாரும் மரம் சீவியவர்கள் இல்லை. பாட்டி சொன்ன பிறகுதான் எல்லாருக்கும் அது கண்ணில் பட்டது.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது. அந்தப் படம் அதற்குள் 'அவசரகாலத்துக்கு முதல் நாள் எடுத்தது, நம் தமிழ்ப்பள்ளியில் கிடைத்தது' என்ற குறிப்போடு புலனத்தில் (வாட்ஸ்அப்) ஊரெல்லாம் சுற்றிவிட்டது. 16 ஜூன் 1948 நம் ஊருக்குச் சாதாரண நாள் இல்லை. எல்ஃபில் தோட்டத்திலும் அடுத்திருந்த இன்னொரு தோட்டத்திலும் அன்று மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி மலாயாவில் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிராக அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. உலகப் புத்தகங்களில் நம் ஊரின் பெயர் வருவதே அந்த நாளால்தான். அந்தத் தேதியை ஒரு கற்பனைப் படத்தின் மேல் எழுதி, பள்ளியின் பெயரையும் சேர்த்துவிட்டால், நாளை எந்தப் பிள்ளை அதைக் கட்டுரையில் ஒட்டும் என்று யாருக்குத் தெரியும்?

இன்னொரு படம் சயாம் மரண ரயில் பற்றியது. அதைப் பற்றி எழுத எனக்கே தயக்கமாக இருக்கிறது. ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட, ஏறக்குறைய 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. நம் தோட்டங்களிலிருந்து பிடித்துப் போகப்பட்டவர்கள் எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. போர்க்கைதிகளாக இருந்த சிப்பாய்களின் படங்களாவது கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. நம் ஆட்களின் படங்கள் மிகக் குறைவு. அவர்களைப் படம் எடுத்து வைக்க வேண்டும் என்று அங்கே யாருக்குத் தோன்றியது? அந்தக் குறையைக் கணினி முகங்களால் நிரப்பினால், படமே இல்லாமல் போனார்கள் என்ற உண்மையும் சேர்ந்து மறைந்துபோகும்.

"அந்தக் காலத்துப் புகைப்படக்காரர்களும் படத்தை மாற்றியவர்கள்தானே?" என்று ஒரு தந்தை கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. மாற்றினார்கள். 1945 மே மாதம் பெர்லினில் ரைஷ்டாக் என்ற நாடாளுமன்றக் கட்டடத்தின் மேல் சோவியத் கொடி ஏறும் படத்தை யெவ்கெனி கால்தேய் ஏற்பாடு செய்துதான் எடுத்தார். பின்னால் புகையைக் கூட்டினார். ஒரு வீரரின் கையில் இரண்டு கடிகாரம் தெரிந்தது, கொள்ளையடித்தது போல் தோன்றும் என்று ஒன்றை அழித்தார். இதை மாணவர்கள் படித்திருக்கிறார்கள், கண்காட்சியிலும் எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் அந்தக் கட்டடத்தின் மேல் உண்மையான ஆட்கள் நின்றார்கள். மாற்றாத படமும் கையில் இருக்கிறது. அதனால்தான் என்ன மாற்றினார் என்று நம்மால் சொல்ல முடிகிறது. செயலி தந்த படத்தை எதோடு ஒப்பிடுவது?

அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் என்பவர் 1908 முதல் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த சிறுவர்களைப் படம் எடுத்தார். ஒவ்வொரு படத்துக்கும் பிள்ளையின் வயது, வேலை, ஊர் என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார். குழந்தைத் தொழிலுக்கு எதிராக வாதாடியவர்களுக்கு அந்தக் குறிப்புகளும் படத்துக்குச் சமமாகக் கைகொடுத்தன. நாங்கள் மாணவர்களிடம் கேட்பதும் அவ்வளவுதான்: யார் படத்தில், யார் எடுத்தது, எங்கே, எப்போது, நம் கைக்கு எப்படி வந்தது. ஒரு சின்னத் தாளில் எழுதிப் படத்தோடு இணைத்தால் போதும். தெரியாத இடத்தில் 'தெரியாது' என்று எழுதலாம், அதற்கு மதிப்பெண் குறையாது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. படங்களைக் கழற்றிய அன்று இரவு பதினொரு மணிக்கு மேல் வகுப்புப் புலனக் குழுவில் ஆசிரியரைப் பற்றி எழுதப்பட்டவற்றை நானும் படித்தேன். ஆசிரியர் செய்தது சரி. என் அனுமதியோடுதான் செய்தார். இனிக் கணினி உருவாக்கிய எந்தப் படமும் வரலாற்றுப் படமாக இந்தப் பள்ளியில் மாட்டப்படாது. குறிப்புத் தாள் இல்லாத படமும் அப்படியே. மனக்குறை இருந்தால் அலுவலகத்துக்கு வாருங்கள், என் கதவு திறந்தே இருக்கும். ஆசிரியரைக் குழுவில் வைத்து அவமதிப்பதை இனிப் பொறுத்துக்கொள்ள மாட்டேன்.

சிலர் ஏன் கணினிப் படங்களைச் செய்து கொடுத்தனுப்பினீர்கள் என்பதும் புரியாமல் இல்லை. ஆலையில் இரவு வேலை, ஈப்போவுக்குப் போய் வரும் வேலை, களைத்து வீடு வந்தால் பிள்ளை ஒன்பது மணிக்கு "நாளைக்குப் பழைய படம் வேணும்" என்று நிற்கும். தோட்டத்து லயத்தை விட்டு வந்தபோது பெட்டியோடு போன படங்கள் எத்தனை, கரையான் தின்றவை எத்தனை. மற்றப் பிள்ளைகள் முன்னால் நம் பிள்ளை வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்ற பாசம்தான்.

ஆகவே, வீட்டில் படம் இல்லாத மாணவர்கள் பாட்டி தாத்தாவிடம் கேட்டு எழுதி வரட்டும். பெரட்டுக்கு (காலையில் ஆள்கணக்கு எடுப்பதற்கு) எத்தனை மணிக்கு எழுந்தார்கள், ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார், எந்தத் தோட்டத்திலிருந்து எந்தத் தோட்டத்துக்கு மாறினார்கள், எதுவானாலும் சரி. 'படம் இல்லை' என்ற தலைப்போடு அதையும் சட்டம் போட்டு மாட்டுவோம். படம் இருப்பவர்கள் தயவுசெய்து அசலை மணிலா அட்டையில் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். அலுவலகத்துக்குக் கொண்டு வந்தால் நகல் எடுத்துக்கொண்டு, அசலை அன்றைக்கே உங்கள் கையில் திருப்பித் தருவோம். புலனத்தில் அந்த மூன்று படங்களைப் பகிர்ந்தவர்கள், அவை உண்மையான படங்கள் அல்ல என்று அதே குழுக்களில் ஒரு வரி எழுதிவிட்டால் பேருதவியாக இருக்கும்.

மதிய வெயிலில் வந்து ஒவ்வொரு படமாக நின்று பார்த்த பாட்டி தாத்தாக்களுக்கு என் மனமார்ந்த நன்றி. அடுத்த தவணையில் உங்களில் சிலரை வகுப்புக்கே அழைத்து மாணவர்களோடு பேசவைக்க ஆசிரியர்கள் விரும்புகிறார்கள். வர முடிந்தவர்கள் பள்ளி திறந்த முதல் வாரத்துக்குள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். வந்து போக வண்டி வசதியைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பார்த்துக்கொள்ளும்.

விடுமுறையை நல்லபடியாகக் கழியுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்