அந்தக் கறுப்பு டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள்

கார்களைப் பிரித்து மாற்றியமைக்கும் நண்பர்களுக்கும், அவர்களுக்கு வேலை பார்த்துத் தரும் மெக்கானிக்குகளுக்கும் வணக்கம்.

நானும் உங்களில் ஒருவன்தான். பழைய காரில் வேறு எஞ்சினை இறக்கி, வயரிங் எல்லாம் முடித்து, முதல் தடவை சாவியைத் திருப்பும்போது வரும் படபடப்பு எனக்கும் தெரியும். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

எஞ்சின் மாற்றும்போது எல்லாருக்கும் ஒரு கட்டம் வரும். எஞ்சின் உட்கார்ந்துவிடும், சுற்றிலும் இடம் இருக்காது. ஏதோ ஒன்று இடிக்கும். என் காரில் இடித்தது கரி கேனிஸ்டர். இரண்டு கைக்குள் அடங்கும் கறுப்பு பிளாஸ்டிக் டப்பா, அதிலிருந்து மூன்று ஹோஸ். "இது புகைக் கட்டுப்பாட்டுச் சாமான், இல்லாமலே வண்டி ஓடும்" என்றார் வேலை பார்த்தவர். நானும் சரி என்று தலையாட்டினேன். டேங்கிலிருந்து வந்த ஹோஸை அப்படியே திறந்து விட்டுவிட்டார்கள். வண்டி நன்றாகத்தான் ஓடியது. சில வாரம் கழித்து, நல்ல வெயில் நாளில், மூடிய ஷெட்டில் நின்ற காரின் கதவைத் திறந்தேன். பெட்ரோல் வாடை முகத்தில் அடித்தது. பின் சீட்டில் குழந்தையின் இருக்கை. அதன் துணி உறையை மூக்கருகில் கொண்டுபோனேன், அதிலும் அதே வாடை. இரண்டு தடவை துவைத்தும் முழுசாகப் போகவில்லை.

அந்த டப்பாவுக்குள் இருப்பது செயலூட்டிய கரி. வண்டி நிற்கும்போது டேங்கில் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும், அந்த ஆவியைக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி ஓடும்போது பர்ஜ் வால்வு (கேனிஸ்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள அடைப்பான்) திறந்து, பிடித்துவைத்ததை எஞ்சினுக்குள் இழுத்து எரித்துவிடும். காசு கொடுத்து நிரப்பிய எரிபொருள் காற்றில் போகாமல் திரும்பி வருகிறது. இதற்காக எஞ்சின் இழக்கும் பவர் எதுவும் இல்லை. பெட்ரோல் ஆவியில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன் இருக்கிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், அதாவது புகைக்குழாயில் இருந்துகொண்டு நச்சு வாயுக்களைக் குறைக்கும் பாகம். கழற்றுபவர்கள் அதிகம் கைவைப்பது இதில்தான். சிலர் முழுசாக எடுத்துவிட்டு நேர்க்குழாய் போடுகிறார்கள். சிலர் வெளிக்கூட்டை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைக் கம்பியால் குத்தி உதிர்க்கிறார்கள். அப்படி உதிர்ந்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். தேன்கூடு மாதிரி, ஒரு சதுர அங்குலத்தில் பெரும்பாலும் நானூறு துளை அளவுக்கு இருக்கும். அந்தச் சன்னமான பீங்கான் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் தீங்கு குறைந்த வாயுக்களாக அந்தச் சுவர்கள்தான் மாற்றுகின்றன. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பிரான்சில் பிறந்த யூஜீன் ஹூட்ரி என்ற பொறியாளர், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் புகைமூட்டத்தைப் பற்றிக் கவலைப்பட்டு 1950களில் கன்வெர்ட்டரை உருவாக்கும் வேலையில் இறங்கினார். பெட்ரோலில் அப்போது ஈயம் கலந்திருந்ததால் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் வினையூக்கிப் பூச்சு சீக்கிரமே கெட்டுப்போனது. 1975ஆம் ஆண்டு மாடல்களில்தான் அமெரிக்கக் கார்களில் இது பரவலாக வந்தது. ஈயமில்லாத பெட்ரோல் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

"கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்டு வண்டி இழுக்கவில்லை" என்று சொல்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடைத்தது ஏன்? மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போவது) இருந்திருக்கும், இல்லையென்றால் எஞ்சின் ஆயில் தின்றிருக்கும். அதைச் சரிசெய்யாமல் கன்வெர்ட்டரைத் தூக்கிவிட்டால் நோய் அப்படியே உள்ளே இருக்கும்.

எரிந்த புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போது அது மூடித்தான் இருக்கும். அதை எடுத்துவிட்டால் உச்சகட்டப் பவர் எங்கிருந்து கூடும்? பாதி மிதியில் எரியும் வெப்பம் ஏறி, எஞ்சின் நாக் அடிக்க (பெட்ரோல் தாறுமாறாகப் பற்றித் தட்டும் சத்தம் வர) வாய்ப்புதான் கூடும். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்கு (காற்று உள்ளே போகும் வழிக்கு) இழுக்கும் பி.சி.வி. ஹோஸை எடுத்துவிட்டு வால்வு கவரில் குட்டி ஃபில்டர் மட்டும் செருகுவதும் இப்படித்தான். உள்ளே ஈரமும் பெட்ரோல் ஆவியும் தங்கி ஆயில் சேறாகும். ஆயிலைப் பிடிக்கும் கேன் வைக்க ஆசை என்றால் வையுங்கள், ஆனால் அதன் வெளிவாயைத் திரும்ப இன்டேக்கில் கொடுங்கள்.

இடம் மாற்றுவதை நான் எதிர்க்கவில்லை. இடிக்கிறதா, நகர்த்துங்கள். ஆனால் நகர்த்தும்போது அந்தப் பாகம் தன் வேலையைச் செய்யும்படி நகர்த்துங்கள். கன்வெர்ட்டர் சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால்தான் வேலை செய்யத் தொடங்கும். நீளமான ஹெடர் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்த்தொகுப்பு) போட்டு அதை வண்டிக்கு நடுவில் தள்ளினால், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் வரும் மோசமான புகை அதிக நேரம் அப்படியே வெளியே போகும். முடிந்தவரை எஞ்சினுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். முடியாவிட்டால் இடையிலுள்ள குழாய்க்கு வெப்ப உறை சுற்றுங்கள். தரைத்தகட்டுக்கும் பெட்ரோல் லைனுக்கும் நடுவே வெப்பத் தடுப்பு கட்டாயம். புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் குழாயின் அடிப்பக்கத்தில் பொருத்தாதீர்கள், தண்ணீர் தங்கி உடைந்துவிடும். மேல்பக்கமாகச் சாய்த்துப் பொருத்துங்கள். சில சென்சார்கள் ஒயர் வழியாகவே வெளிக்காற்றை எடுத்துக்கொள்ளும், அதனால் ஒயரை நீட்டும்போது சால்டர் வைத்து அந்த வழியை அடைக்காமல் சரியான கனெக்டர் போடுங்கள்.

மெக்கானிக் நண்பர்களே, உங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். "இது வேண்டாத சாமான்" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் வாடிக்கையாளர் நம்பிவிடுவார். நானும் நம்பினேன். பல நாடுகளில் இவற்றைக் கழற்றுவது சட்டப்படி குற்றம் என்பதையும், பரிசோதனையில் வண்டி தேறாது என்பதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இடம் பார்த்து நகர்த்த அரை நாள் கூடுதலாக ஆகும் என்றால் அதையும் சொல்லுங்கள். அதற்கான கூலியைத் தாராளமாகக் கேளுங்கள், தர நாங்கள் தயார்.

என் காரின் கேனிஸ்டர் இப்போது பின்சக்கர வளைவுக்கு உள்பக்கம், தண்ணீர் தெறிக்காத இடத்தில் இருக்கிறது. பெட்ரோல் தாங்கும் ஹோஸ் போட்டு, நடுவில் எங்கும் பள்ளம் விழாமல் டேங்கிலிருந்து ஒரே ஏற்றமாக இழுத்திருக்கிறோம். குழந்தையின் இருக்கைக்குப் புது உறை மாற்றியாகிவிட்டது. வெயிலில் எவ்வளவு நேரம் நின்றாலும் கதவைத் திறந்ததும் முதலில் அந்த உறையைத்தான் முகர்ந்து பார்க்கிறேன். இதுவரை வாடை இல்லை.

அன்புடன்,
உங்களைப் போலக் கார் பைத்தியம் பிடித்த ஒருவன்