ஆசிரியருக்கு: மொய்க்கும் நன்கொடைக்கும் வித்தியாசம் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து பற்றி நான்கு பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். மகிழ்ச்சி. அதன் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: ‘ரசிகர்கள் மனமுவந்து தரும் நன்கொடையால் ஏழை மாணவர்கள் படித்துக்கொண்டே விளையாடுகிறார்கள்.’ இந்த ஒரு வரியில் எத்தனை தவறு என்று எண்ணினேன். நான்கு தேறியது. மூன்றை விட்டுவிடலாம். ‘நன்கொடை’யை விட மனம் வரவில்லை. டெக்சஸில் பிறருக்கு வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். இந்தச் சொல் எத்தனை பேர் கணக்கில் கோளாறு செய்கிறது என்று ஆண்டுதோறும் பார்க்கிறவன்.

நன்கொடை என்றால் கொடுத்த கை அதை மறந்துவிட வேண்டும் என்பது தாங்கள் அறியாததல்ல. திரும்ப வர வேண்டும் என்று எழுதுவதற்கு மொய் என்று தனிச்சொல் நம்மிடம் இருக்கிறது. பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து வைத்தால் நோட்டில் பெயரும் தொகையும் ஏறும். எழுதியது ஒரு நாள் வீடு வந்து சேரும். இங்கே ரசிகர் கொடுப்பது இரண்டிலும் சேராது. ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் வர வேண்டும், சனிக்கிழமை ஜெயிக்க வேண்டும் என்று கொடுக்கிறார். ஆள் ஜனவரியில் வேறு கல்லூரிக்குப் போனால் கேட்க நாதியில்லை.

நடைமுறை இதுதான். 2021 ஜூலை 1 முதல் மாணவர்கள் தங்கள் பெயர், உருவம், சாயலை விற்றுச் சம்பாதிக்கலாம் என்று கல்லூரி விளையாட்டை நடத்தும் சங்கமான என்சிஏஏ கதவைத் திறந்தது. அதற்குப் பத்து நாள் முன்புதான், ஆட்டக்காரர்கள் அதன் மீது போட்ட ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 9-0 என்று அதன் தலையில் குட்டியிருந்தது. கல்லூரி நேரடியாகப் பணம் தரக்கூடாது என்ற விதி மட்டும் அப்படியே இருந்தது. எனவே பழைய மாணவர்களும் பணக்கார ஆதரவாளர்களும் வெளியே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதற்குப் பெயர் ‘கலெக்டிவ்’. ரசிகரிடம் மாதச் சந்தா வாங்குவார்கள். பெரும் தொகை சில பணக்காரர்களிடமிருந்து வரும். அமைப்பு ஆட்டக்காரருடன் ஒப்பந்தம் போட்டு மாதாமாதம் பணம் தரும். பதிலுக்கு அவர் சட்டையில் கையெழுத்துப் போட வேண்டும், ஒரு காணொளியில் சிரிக்க வேண்டும், தொண்டு நிறுவனம் ஒன்றுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வேலைக்குக் கூலி என்று காகிதத்தில் காட்ட இது போதும்.

எங்கள் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தை ஒட்டி ‘ஹார்ன்ஸ் வித் ஹார்ட்’ என்ற லாப நோக்கற்ற அமைப்பு, உதவித்தொகையில் படிக்கும், எதிராளியைத் தடுத்து நிற்கும் தாக்குதல் வரிசை லைன்மேன் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 50,000 டாலர் என்று 2021 டிசம்பரில் அறிவித்தது. திட்டத்தின் பெயர் ‘பான்கேக் ஃபேக்டரி’. எதிராளியை மல்லாக்கத் தள்ளுவதற்கு இவர்கள் வைத்த பெயர் பான்கேக். தொண்டுப் பணி செய்வதற்கே இந்தத் தொகை என்றார்கள். தொண்டு செய்யும் தகுதி லைன்மேனுக்கு மட்டும் எப்படி வாய்த்தது என்று யாரும் கேட்கவில்லை.

வரிக்கு வருகிறேன். தங்கள் வாக்கியம் செய்த கெடுதல் இங்கேதான். பல கலெக்டிவ்கள் 501(சி)(3) என்ற அறக்கட்டளைத் தகுதி வாங்கின. நம்மூர் 80ஜி போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்தவர்கள் ரசீதைக் காட்டி வரிக்கழிவு கேட்டார்கள். 2023இல் அமெரிக்க வருமானவரித் துறையான ஐஆர்எஸ் தன் சட்டப்பிரிவின் குறிப்பை வெளியிட்டது: பணம் முக்கியமாகப் போய்ச் சேருவது தனிப்பட்ட ஆட்டக்காரர்களுக்கு, அது தற்செயலான பலன் அல்ல, ஆகவே பல கலெக்டிவ்களுக்கு இந்தத் தகுதி பொருந்தாது. குறிப்பு சட்டமாகாது, உண்மைதான். ஆனால் கணக்கைத் திறக்கும் அதிகாரி கையில் இருப்பது அதுதான். கழிவு செல்லாது என்றால் வரி, வட்டி, அதற்கு மேல் 20 சதவீத அபராதம் வரைக்கும் போகலாம். இன்னொரு வேடிக்கை: 2024 கணக்கில் தம்பதிக்கு ரசீது இல்லாமலே கிடைத்த நிலைக்கழிவே 29,200 டாலர். பெரும்பாலோர் அதைத்தான் எடுத்தார்கள். மாதம் 25 டாலர் கொடுத்தவருக்கு அறக்கட்டளை ரசீது இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கணக்கில் ஒரு காசு மிச்சமிருக்கவில்லை.

வாங்குபவர் நிலையும் கேளுங்கள். ஆட்டக்காரர் கலெக்டிவ்வின் ஊழியர் அல்ல, சுயதொழில் செய்பவர். 50,000 டாலர் வந்தால் அதில் 92.35 சதவீதத்துக்கு 15.3 சதவீதம் சுயதொழில் வரி. ஏறக்குறைய 7,065 டாலர். வருமானவரி தனி. யாரும் பிடித்தம் செய்து கொடுக்க மாட்டார்கள். ஏப்ரல், ஜூன், செப்டம்பர், அடுத்த ஜனவரி என்று நான்கு தவணையாக அவரே கட்ட வேண்டும். 19 வயதுப் பையன் முதலில் வாங்குவது கார். ஏப்ரலில்தான் வரி ஞாபகம் வரும். வந்த பணத்தில் 30 சதவீதத்தை வேறு கணக்கில் போடு என்று சொல்ல ஒருவர் வேண்டும், ஏஜெண்ட் சொல்வதில்லை. டெக்சஸிலும் புளோரிடாவிலும் டென்னசியிலும் மாநில வருமானவரி இல்லை. இந்த மாநிலப் பயிற்சியாளர்கள் ஆள் பிடிக்கப் போகும்போது இதை ஒரு சீட்டாகவே இறக்குகிறார்கள். தங்கள் கட்டுரையில் ‘எல்லா மாணவர்களுக்கும்’ என்று ஒரு பிரயோகம் வேறு. எஃப்-1 மாணவர் விசாவில் வந்த, பந்தை உதைக்கும் ஆஸ்திரேலியப் பன்ட்டரால் இந்தப் பணத்துக்கான வேலையை இங்கே செய்யவே முடியாது, விசா போய்விடும். பிள்ளைகளை எஃப்-1இல் அனுப்பிவிட்டுத் தங்கள் இதழைப் படிக்கும் பெற்றோர் எத்தனை பேர்!

ஒப்பந்தங்கள் லட்சணமும் தெரிந்ததுதான். ஜேடன் ரஷாடா என்ற குவார்ட்டர்பேக்குக்கு புளோரிடா பல்கலைக்கழக ஆதரவாளர்கள் பக்கமிருந்து 1.385 கோடி டாலர் என்று பேச்சு. ஒப்பந்தம் முறிந்தது, அவர் 2024இல் அந்த அணியின் அன்றைய பயிற்சியாளர் பில்லி நேப்பியர் மீதே வழக்குப் போட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் லாஸ் வேகஸ் கல்லூரி அணியின் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்லூக்கா மூன்று ஆட்டம் ஜெயித்துக் கொடுத்துவிட்டு விலகினார். வாய்மொழியாகச் சொன்ன 1,00,000 டாலர் வரவில்லை என்றது அவர் தரப்பு. கல்லூரி வேறு கதை சொன்னது. எழுத்தில் இல்லை என்பதில் மட்டும் குழப்பமில்லை. கல்லூரியில் சேருவதற்கு ஆசை காட்டக்கூடாது என்ற விதியையும் 2024 பிப்ரவரி 23 அன்று டென்னசியில் ஒரு கூட்டாட்சி நீதிபதி நிறுத்தி வைத்துவிட்டார். அதன்பின் ‘மனமுவந்து’ என்று எழுத ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

இத்தோடு விட்டிருப்பேன். ஆனால் இதே இதழ் முன்பு ஒருமுறை எஸ்எம்யூ என்ற சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தை ‘ஒழுக்கத்துக்குப் பெயர் பெற்ற பல்கலைக்கழகம்’ என்று எழுதியது. நான் அனுப்பிய மறுப்பு இரண்டு வரியாகச் சுருங்கி வந்தது. ஆதரவாளர்கள் ரகசியமாக ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்ததற்காக 1987 சீசன் முழுவதையும் இழந்த கல்லூரி அது. 2024இல் ஏசிசி என்ற பெரிய லீகில் சேர, ஒன்பது ஆண்டு டிவி வருமானப் பங்கு வேண்டாம் என்று ஒப்புக்கொண்டது. ஆதரவாளர்கள் ஒரே வாரத்தில் 10 கோடி டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். அன்றைக்கு ரகசிய நிதி, இன்றைக்கு க்யூஆர் கோடு.

இன்னொன்று. நல்ல இருக்கை வேண்டுமென்றால் டிக்கெட் விலைக்கு முன்பே கல்லூரி அறக்கட்டளைக்குத் தனியாக ஒரு தொகை கொடுக்க வேண்டும். 2017 வரை அதில் 80 சதவீதம் வரிக்கழிவு. அதையும் நன்கொடை என்றே அழைத்தார்கள். 2018 முதல் சட்டமே நிறுத்திவிட்டது. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வீட்டுக்கு அனுப்பியபோது ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டியது சுமார் 7.6 கோடி டாலர். வேலை செய்யாமல் இருப்பதற்கு! அந்த ஊர் ரசிகரிடமும் ஆட்டக்காரருக்கென்று உண்டியல் நீட்டுகிறார்கள்.

கட்டுரையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கடைசிச் செய்தி: 2025 ஜூன் 6 அன்று ஆட்டக்காரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த ‘ஹவுஸ்’ வழக்கின் சமரசத்தை நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றார். முன்னாள் ஆட்டக்காரர்களுக்குப் பத்தாண்டுகளில் 280 கோடி டாலர் பாக்கி. 2025-26இல் ஒரு கல்லூரி எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து நேரடியாக 2.05 கோடி டாலர் வரை தரலாம் என்று ஆனது. வெளியார் ஒப்பந்தம் 600 டாலர் தொட்டால் டெலாய்ட் என்ற தணிக்கை நிறுவனம் நடத்தும் ‘என்ஐஎல் கோ’ பதிவுத் தளத்தில் பதிய வேண்டும், உண்மையான வியாபார நோக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கலெக்டிவ்களுக்கு அந்த நோக்கம் இல்லை என்று 2025 ஜூலையில் சொன்ன, சமரசத்தை நடைமுறைப்படுத்தும் ஆணையம், மாதம் முடிவதற்குள் இறங்கி வந்து மற்ற வியாபாரங்கள் போலவே பார்க்கிறோம் என்றது. வியாபாரம் என்று அவர்களே ஒப்புக்கொண்ட பிறகும் நாம் நன்கொடை என்கிறோம். டென்னசி பல்கலைக்கழகம் இன்னும் நாணயம்: 2025 சீசன் டிக்கெட்டில் 10 சதவீதம் ‘திறமைக் கட்டணம்’ என்று பெயர் சொல்லியே வாங்கியது.

பெரிய கோரிக்கை எதுவும் இல்லை. அடுத்த இதழில் ஓர் ஓரமாக, ‘நன்கொடை என்று வந்ததைச் சந்தா என்று திருத்தி வாசிக்கவும்’ என்று ஒரு வரி போடுங்கள். தங்கள் இதழுக்கு ஆண்டுதோறும் நான் அனுப்புவதும் சந்தாதான். அதை நன்கொடை என்று தாங்கள் ரசீது எழுதியதில்லை. முடிந்தால் படத்தையும் மாற்றுங்கள். இந்த ஆட்டத்தின் பந்து உருண்டை அல்ல.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
ஹூஸ்டன், டெக்சஸ்