உன் கூலியையும் எழுது, ஜெமீலா

களுவாஞ்சிகுடி,
ஆவணி மாதம்.

அன்பின் ஜெமீலா,

உன் கடிதம் கிடைத்தது. தெஹிவளையில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு சுகமாக இருக்கிறாய் என்று அறிந்து சந்தோஷம். முழங்கால் வலிதான் கவலை தருகிறது. மாடிப்படி ஏறி இறங்குவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். சின்னவன் சித்திரைப் புத்தாண்டுக்குக் கட்டாரிலிருந்து வந்துபோனான். மூத்தவளின் மகள் சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். மண்டூர் முருகன் கோயில் திருவிழாக் காலம் என்பதால் வாவியைக் கடக்கும் குருமண்வெளிப் பாதைப் படகில் சனம் நிரம்பி வழிகிறது. சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு நாமிருவரும் அந்தப் படகில் வாவிக்கு அப்பால் படுவான்கரைக்கு மருத்துவமாதராகக் கடமைக்குப் போனதை அதில் கால் வைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

மருதமுனைக்குத் திரும்பிவந்து கைத்தறிச் சேலை எடுத்து விற்கலாமா என்று யோசிப்பதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? “இந்த வயதில் தொடங்கினால் சனம் என்ன சொல்லும், நீ எப்படிச் சமாளிக்கிறாய்” என்றும் கேட்டிருந்தாய். தொலைபேசியில் பேசினால் இதெல்லாம் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் என் தொழிலைச் சொல்கிறேன். பிள்ளை பெற்ற தாய்மாருக்கான சரக்குத்தூள்தான் முக்கியமானது. கூடவே உழுத்தம்மாவும் வறுத்த சிவப்பரிசி மாவும் செய்கிறேன். மருத்துவமாதாக வீடுவீடாக ஏறி இறங்கிய கடைசிக் காலத்தில், சரக்கு இடித்துக் கொடுக்க ஆளில்லாத வீடுகளைத்தான் அதிகம் பார்த்தேன். அம்மம்மாமார் போய்விட்டார்கள். தாய்மார் பலர் மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். கடைத் தூளில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? 2019 இறுதியில் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தி, அடுத்த வருடம் விலை பல மடங்கு ஏறியபோது, மஞ்சள்தூளில் மாவைக் கலந்து விற்றார்களே, நினைவிருக்கிறதா? அப்போது கிணற்றடியில் நட்ட மஞ்சளைத்தான் இன்றும் கிண்டி எடுத்து அவித்துக் காயவைக்கிறேன். போதாததற்கு மண்டூர்ப் பக்கத்துப் பெண்களிடம் வாங்குகிறேன்.

மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு என்கிற சுக்கு, திப்பிலி. எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்து, தாச்சியில் தனித்தனியாக வறுக்க வேண்டும். ஒன்றாகப் போட்டால் மல்லி கருகிய பிறகும் வேர்க்கொம்பில் ஈரம் நிற்கும். வேர்க்கொம்பை உரலில் இடித்து உடைக்காமல் மில்லுக்குக் கொடுத்தால் இயந்திரம் இறுகிவிடும். மில்லில் இன்னொரு சிக்கலும் உண்டு. நமக்கு முன்னால் யாராவது மிளகாய் அரைத்திருப்பார்கள். பச்சை உடம்புக்காரி சாப்பிடும் தூளில் அந்தக் காரம் ஏறக்கூடாது. அதனால் காலையில் மில் திறக்கும்போதே போய் நின்று, முதலில் ஒரு சுண்டு அரிசியைப் போட்டு அரைத்து ஒதுக்கிவிட்டுத்தான் சரக்கைப் போடவிடுவேன். அரைத்த தூள் சூடாக வரும். அதை வெள்ளைத் துணியில் பரப்பி, நடுவில் கையை விட்டால் குளிர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சூட்டோடு அடைத்தால் பக்கெட்டின் உள்பக்கம் வியர்க்கும், பிறகு பூஞ்சணம் பிடிக்கும்.

பக்கெட்டுக்குள் ஒரு சிறு துண்டுத்தாளும் வைக்கிறேன். மீன், முட்டை, கீரை, பழம் எல்லாம் சாப்பிடலாம், தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும், கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தக்கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. நாமிருவரும் தொண்டை வறளச் சொன்ன அதே சொற்கள்தான். பத்தியம் என்ற பெயரில் வெறும் சோற்றையும் சரக்குத் தண்ணீரையும் கொடுத்து, இரத்தமில்லாமல் வெளுத்துக் கிடந்த பெண்களை எத்தனை வீடுகளில் பார்த்தோம்! பால்சுறாவும் முருங்கையிலையும் நம் கரையில் இல்லாத பொருளா? ஒரு மாமியார் அந்தத் துண்டுத்தாளை மருமகளுக்கு வாசித்துக் காட்டினாராம். அதைக் கேட்ட அன்று, இந்தத் தொழிலை விடுவதில்லை என்று மனதுக்குள் உறுதி செய்துகொண்டேன்.

பக்கெட்டின் மேலே மருந்து என்று எங்கும் போடவில்லை. அப்படிப் போட்டால் ஆயுர்வேதத் திணைக்களத்தில் பதிய வேண்டும். அது ஒருபுறம் இருக்க, இது வெறும் கறித்தூள்தான்; நோய் தீர்க்கும் என்று சொல்லி விற்க என் மனம் இடம் கொடுக்காது. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தேன், பிரதேச சபையில் அனுமதிப்பத்திரம் எடுத்தேன். பொதுச் சுகாதார பரிசோதகர் வந்து சமையலறையைப் பார்த்தார். பழைய சக ஊழியர் என்பதற்காக எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. யன்னலுக்கு வலை அடிக்கச் சொன்னார், அடித்தேன். சேர்மானம், நிறை, உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, தொகுதி இலக்கம், விலை எல்லாவற்றையும் மூன்று மொழியிலும் அச்சிட்டிருக்கிறேன். நீ துணி விற்பதானால் இதில் பாதி வேலை உனக்கு இல்லை. ஆனால் பெயர்ப் பதிவை மட்டும் முதலிலேயே செய்துவிடு. வங்கியில் தொழிலின் பெயரில் கணக்குத் திறக்க அது வேண்டும். வீட்டுச் செலவுக் காசும் தொழில் காசும் ஒரே பணப்பையில் கிடந்தால், லாபமா நட்டமா என்று கடைசிவரைக்கும் தெரியாது.

இனி சனம் சொன்னதற்கு வருகிறேன். “பொழுதுபோவதற்காகச் செய்கிறார்” என்றார்கள் சிலர். சின்னவனும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னான்: “அம்மா, ஓய்வூதியம் வருகிறது, நான் அனுப்புகிறேன், உங்களுக்கு என்ன குறை?” பாசத்தில் கேட்கிற கேள்விதான். குறை இருப்பவர்கள் மட்டுந்தான் தொழில் செய்ய வேண்டுமா என்று அவனைத் திருப்பிக் கேட்டேன். ஒரு பெண் அறுபதைக் கடந்துவிட்டால் அவள் கைவேலை எல்லாம் பொழுதுபோக்கு என்று எண்ணுகிற வழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, ஜெமீலா. அதே வேலையை ஓர் ஆண் தொடங்கினால் முயற்சி என்று மெச்சுகிறார்களே.

இன்னொரு கேள்வி என்னை நிறைய யோசிக்க வைத்தது. கேட்டவர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் நெடுநாள் இருக்கும் ஒருவர். “ஓய்வூதியம் வாங்குகிற நீங்கள், தூள் இடித்துப் பிள்ளைகளை வளர்க்கிற பெண்களின் பிழைப்பில் கை வைக்கலாமா?” என்றார். நியாயமான கேள்வி. அன்றிரவு கொப்பியை எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்தேன். அவர்களின் பிழைப்பைக் கெடுப்பது எது? என்னைப் போன்ற ஒருத்தி தன் உழைப்பைக் கணக்கில் எழுதாமல் மலிவாக விற்பதுதான். மூலப்பொருள், அரைகூலி, பக்கெட், பஸ் காசு என்று கூட்டி, அதற்கு மேல் ஐந்து பத்து வைத்து நான் விற்றால் எனக்குக் கட்டுப்படியாகும், ஏனென்றால் என் சோற்றுக்கு ஓய்வூதியம் இருக்கிறது. ஆனால் கணவனை இழந்து, தூள் விற்றே அரிசி வாங்க வேண்டிய பெண்ணுக்கு அந்த விலை கட்டாது. கடைக்காரர் என் விலையைக் காட்டி அவளிடம் அடித்துப் பேசுவார். கூலியில்லாத என் வேலை அவளுடைய கூலியைத் தின்றுவிடும்.

அதனால் எனக்கு உதவிக்கு வரும் பெண்ணுக்கு ஒரு நாளைக்குக் கொடுக்கும் 2000 ரூபாவை, நான் வேலை செய்யும் நாளுக்கு எனக்கும் எழுதுகிறேன். வறுப்பதற்கு மட்டுமல்ல, லேபல் ஒட்டுவதற்கும், கடைக்குக் கொண்டுபோவதற்கும், கொப்பி எழுதுவதற்கும் சேர்த்துத்தான். அப்படிக் கூட்டி வந்த விலை சந்தை விலையைவிடக் கொஞ்சம் கூடத்தான். அந்த விலையைச் சொல்லும்போது குரல் தாழக்கூடாது. வீட்டில் சமைத்தோம், பிள்ளை வளர்த்தோம், அடுத்த வீட்டில் விசேஷம் என்றால் பலகாரம் சுட்டுக் கொடுத்தோம். எதற்கும் நாம் கை நீட்டிக் காசு வாங்கியதில்லை. அதனால்தான் நம் வயதுப் பெண்களுக்கு, பொருள் செய்வதைவிட விலை சொல்வது கடினமாக இருக்கிறது. சொந்தக்காரர்கள் ருசி பார்க்க ஒரு பக்கெட் கேட்பார்கள். பிள்ளை பெற்ற வீட்டைப் பார்க்கப் போகும்போது நானே ஒரு பக்கெட் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், அது உறவு. கடைக்கென்று அடுக்கி வைத்ததில் கேட்டால் விலை சொல்கிறேன், அது தொழில். மூத்தவளும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறாள். முதலில் அவளுக்கு முகம் சுருங்கியது. இப்போது தன் சிநேகிதிகளுக்கும் அவள்தான் விற்றுக் கொடுக்கிறாள்.

தொழிலுக்குப் போடும் முதல் பற்றிக் கேட்டிருந்தாய். எங்களுடைய நிலை உனக்குத் தெரியும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உங்கள் ஆட்கள், எங்கள் ஆட்கள் என்ற பேதமில்லாமல் வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிடுகிறோம். அறுபது வயதில் நம் பெயரில் ஓர் உறுதியும் இருப்பதில்லை. வங்கியில் கேட்டால் பிணைக்கு என்ன இருக்கிறது என்கிறார்கள், அதற்கு முன்னரே வயதைப் பார்க்கிறார்கள். எனக்கு அது நல்லதாகவே முடிந்தது. சீட்டுக் காசில் தொடங்கினேன். முழுவதும் போனாலும் மருந்துச் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் இடைஞ்சல் வராத தொகைதான் அது. இருபத்தைந்து வயதில் இழந்தால் உழைத்து மீட்கலாம், நமக்கு அந்தக் கால அவகாசம் இல்லை. உன் பணிக்கொடைப் பணத்தில் கை வைக்காதே.

வட்டிக்கு வாங்க மாட்டேன் என்று எழுதியிருந்தாய். மார்க்கம் தடுத்ததை நீ மதிக்கிறாய், நான் கண்ணால் பார்த்ததை வைத்து அதையே சொல்கிறேன். கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்கடனை எடுத்துவிட்டு, வசூலிக்க வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் பின்கதவால் ஓடிய தாய்மாரை நான் கடமையில் இருந்தபோதே பார்த்திருக்கிறேன். குழந்தையின் நிறையை நிறுக்கப் போனால் வீடு பூட்டியிருக்கும், உள்ளே குழந்தை அழும். 2018 இல் அரசாங்கம் அந்தக் கடன்களுக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்று வட்டி வரம்பு அறிவித்தது. வரம்பே 35 என்றால், அதற்கு முன்னர் அந்தப் பெண்கள் எதைக் கட்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பார். மஞ்சள் விற்றும் தூள் விற்றும் அப்படியொரு வட்டியைக் கட்ட எவராலும் முடியாது.

கடனைப் போலவே கவனமாக இருக்க வேண்டிய இன்னொன்று, பொருளைக் கொடுத்துவிட்டுக் காசுக்குக் காத்திருப்பது. “வைத்துவிட்டுப் போங்கள், விற்றதும் தருகிறோம்” என்று கடைக்காரர்கள் அன்பாகத்தான் சொல்வார்கள். பத்துக் கடையில் அப்படி வைத்தால் நம் முதல் முழுவதும் பிறருடைய தட்டில் குந்திக்கொண்டிருக்கும். நான் குறைவாகக் கொடுத்து, கையோடு காசு வாங்குகிறேன். ஆதார வைத்தியசாலைக்குக் கிட்ட ஒரு கடை, படுவான்கரையில் ஒரு கடை, மற்றதெல்லாம் ஆள் மூலம். நாம் ஒரு காலத்தில் நிறை பார்த்த குழந்தைகள் இன்று தாய்மாராக இருக்கிறார்கள். மருத்துவமாதரை மிஸ்ஸி என்றுதானே கூப்பிடுவார்கள், “மிஸ்ஸி செய்தது” என்றால் வாங்குகிறார்கள். இளம் வயதில் தொடங்குபவருக்கு இந்த நம்பிக்கையைச் சம்பாதிக்கவே பல வருடம் செல்லும். உனக்கும் கல்முனை முழுக்க அந்த முகம் இருக்கிறது, அதைக் குறைவாக எண்ணாதே.

உன் விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டு. தறி வாங்கிப் போடாதே. உன் முழங்கால் தறியில் உட்காரவிடாது, ஆள் வைத்து நெய்வதென்றால் முதல் அங்கேயே முடங்கிவிடும். நூலும் சாயமும் வெளிநாட்டிலிருந்து வருவதால் டொலர் ஏறினால் விலையும் ஏறும். 2022 இல் எல்லோரும் அதை அனுபவித்தோம். மருதமுனையில் சுனாமிக்குப் பிறகும் தறியை விடாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களிடம் நீ விரும்பும் நிறத்தில், நீ சொல்லும் கரையில் நெய்யச் சொல்லி வாங்கு. உனக்கு நிறத்தில் நல்ல கண். பயிற்சிக் காலத்தில் வெள்ளைச் சீருடைக்கு நடுவிலும் உன் கைக்குட்டைகளைப் பார்த்துத்தான் நாங்கள் பண்டிகைச் சேலையே தெரிவு செய்தோம். சேலை தறியை விட்டு இறங்கிய அன்றே நெய்தவருக்குக் காசைக் கொடு. தெஹிவளையில் மகனின் நண்பர்கள், மருமகளின் அலுவலகம் என்று விற்பனையை அங்கேயும் நடத்தலாம். விலை போடும்போது நெய்தவரின் கூலிக்குக் கீழே உன் கூலியையும் ஒரு வரியாக எழுது. வீட்டில் அதைப் பார்த்து என்ன சொல்கிறார்கள் என்று எனக்கு அவசியம் எழுது.

மாரி மழை தொடங்குவதற்கு முன் ஒருமுறை வந்துவிட்டுப் போ. மருதமுனையில் இரண்டு மூன்று தறி வீடுகளுக்கு நானும் கூட வருகிறேன். கொழும்பில் கைத்தறிச் சேலை என்ன விலைக்குப் போகிறது என்று புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் விசாரித்து, விலையைக் குறித்துக்கொண்டு வா. உன் பேத்திக்கு உழுத்தம்மா வேண்டும் என்று கேட்டிருந்தாய், இரண்டு பக்கெட் அனுப்புகிறேன். ஒன்று அவளுக்கு என் அன்பளிப்பு. மற்றதற்கான பற்றுச்சீட்டு உள்ளே இருக்கிறது.

உன் அன்பான,
ராசேஸ்வரி